வேதிப் பொறியியல் மேற்படிப்பு: மதிப்பெண் இருக்கிறது, தயாரிப்பு எங்கே?

40 மதிப்பெண் கல்லூரியின் கையில். 60 மதிப்பெண் பல்கலைக்கழகத் தேர்வில். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி, இணைப்புக் கல்லூரி மாணவர் ஓர் எழுத்துத்தேர்வுப் பாடத்தைத் தேறுவதற்கான கணக்கு இது. பல்கலைக்கழகத் தேர்வில் 45 சதவீதம், அதாவது 60-க்கு 27 எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 50-ஐத் தொட வேண்டும். இன்டர்னலில் கல்லூரி தாராளமாக 38 போட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 65. நேரடி அட்டவணையில் அது 'பி பிளஸ்', 7 புள்ளி. எட்டு செமஸ்டரும் இப்படியே நகர்ந்தால் சி.ஜி.பி.ஏ. 7.0. முதல் வகுப்புக்கு 6.5 போதும். பல்கலைக்கழகத் தேர்வில் ஒரு பாடத்தில்கூடப் பாதி மதிப்பெண் எடுக்காத ஒருவர், முதல் வகுப்பில் தேறியவர் என்ற சான்றிதழோடு வெளியே வர இந்த முறையில் வழி இருக்கிறது.

அந்தச் சான்றிதழை அவர் நம்புகிறார். வீட்டில் நம்புகிறார்கள். "பிள்ளை ஃபர்ஸ்ட் கிளாஸ், மேல படிக்கட்டும்" என்று அப்பா கடன் வாங்கவும் தயாராகிறார். கெமிக்கல் இன்ஜினீயரிங்கில் எம்.டெக். சேரவோ, வெளிநாட்டில் எம்.எஸ். படிக்கவோ கிளம்பும்போதுதான் அடி விழுகிறது. எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வில் தகுதி மதிப்பெண்ணைக்கூடத் தொட முடிவதில்லை. எப்படியோ இடம் கிடைத்துப் போய்ச் சேர்ந்தாலும், முதல் செமஸ்டரிலேயே வகுப்பில் நடப்பது பிடிபடுவதில்லை. நான்கு வருடம் மதிப்பெண் பட்டியல் தன்னைப் பற்றிச் சொன்னதும், இப்போது கையில் இருக்கும் வினாத்தாள் சொல்வதும் ஏன் இவ்வளவு முரண்படுகின்றன என்று அவருக்கு யாரும் விளக்குவதில்லை. "நீ ஒழுங்காப் படிக்கல" என்று பழியை அவர் தலையில் இறக்கிவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்கள்.

பழி அவருடையது இல்லை. இந்த மேற்படிப்புக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், எந்தத் தரத்தில் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் ரகசியம் எதுவும் கிடையாது. அதைக் கற்றுத்தர வேண்டிய கல்லூரியும், அளந்து சொல்ல வேண்டிய பல்கலைக்கழகமும், இரண்டையும் கண்காணிக்க வேண்டிய அரசும் தங்கள் வேலையைச் சரிவரச் செய்யவில்லை.

எந்த அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

கெமிக்கல் இன்ஜினீயரிங் என்றால் வேதியியல் பாடம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் பெரும்பகுதி கணக்கு. ஓர் ஆலைக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது, எவ்வளவு வெப்பம் தேவை, எவ்வளவு வீணாகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் பாடம். 10 சதவீத உப்புக் கரைசல் 100 கிலோவை 40 சதவீதமாகும்வரை சுண்ட வைத்தால் எவ்வளவு தண்ணீர் ஆவியாகும்? உப்பு 10 கிலோ, அது மாறாது. அதுவே 40 சதவீதம் என்றால் மிஞ்சும் கரைசல் 25 கிலோ. ஆவியானது 75 கிலோ. பள்ளிப் பிள்ளையே போட்டுவிடும். இதிலேயே, வெளியே வரும் கரைசலில் ஒரு பகுதியை மறுபடி உள்ளே திருப்பிவிட்டால்? ஓர் ஆவியாக்கியில் எழும் ஆவியைக் கொண்டே அடுத்ததைச் சூடாக்கினால்? நடுவழியில் உப்பு படிகமாகத் தொடங்கினால்? ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்கச் சமன்பாடுகள் பெருகும். எதை முதலில் எழுதுவது, எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்தான் இந்தப் படிப்பைப் படித்தவர்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. நொய்யல் ஆற்று வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றுக்குப் போகாத ஏற்பாட்டைச் செய்த பிறகே அவற்றால் மீண்டும் இயங்க முடிந்தது. அந்த ஏற்பாட்டின் கடைசிக் கட்டத்தில் நிற்பவை இதே ஆவியாக்கிகளும் படிகமாக்கிகளும்தான். அவற்றைக் குறைந்த செலவில், குறைந்த எரிபொருளில் ஓட்டுவது எப்படி என்பது இன்றைக்கும் முழுசாகத் தீராத ஆராய்ச்சிக் கேள்வி. இந்த மாநிலத்தில் கெமிக்கல் இன்ஜினீயரிங் மேற்படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அது ஒன்றே போதும்.

இளநிலையில் வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம், மாஸ் டிரான்ஸ்ஃபர், வினைப் பொறியியல், செயல்முறைக் கட்டுப்பாடு என்று தனித்தனியாகப் படித்தவை எல்லாம் முதுநிலையில் ஒன்றோடொன்று கலந்துவிடும். பேர்ட், ஸ்டூவர்ட், லைட்ஃபுட் மூவரும் 1960-இல் எழுதிய 'டிரான்ஸ்போர்ட் ஃபினாமினா'தான் இன்றும் பல நாடுகளில் அந்த நிலைக்கான அடிப்படைப் புத்தகம். அதைத் திறந்தால் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் வரிசையாக வரும். இரண்டாம் ஆண்டுக் கணிதத்தை 'கிளியர்' பண்ணிவிட்டு மறந்தவருக்கு அங்கே ஒரு பக்கம்கூட நகராது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முதுநிலைக்குப் பெரும்பாலும் 4-க்கு 3.0, அதாவது 'பி' சராசரியைக் கேட்கின்றன. சேர்ந்த பிறகும் அந்த 3.0-க்குக் கீழே போகக் கூடாது. போனால் எச்சரிக்கை; அடுத்தும் தேறாவிட்டால் வெளியே. இளநிலையில் 'சி' வாங்கினால் பாஸ். முதுநிலையில் அதே 'சி' ஏறக்குறையத் தோல்வி. இந்த வித்தியாசத்தை நம் பிள்ளைகளுக்கு விமானம் ஏறும் முன் யாராவது சொல்ல வேண்டாமா?

நம் நாட்டில் வாசல் கேட் தேர்வு. 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். பொதுத்திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்கு 13, மிச்சமெல்லாம் கெமிக்கல் இன்ஜினீயரிங். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பாகப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிப்பார்கள். எண்ணை நாமே கணக்கிட்டுத் தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளும் உண்டு. வாங்கிய மதிப்பெண் 3 ஆண்டுக்குச் செல்லும். கேட் தேறி எம்.டெக். சேர்ந்தால் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது. 24 மாதத்துக்கு 2,97,600 ரூபாய். கேட் இல்லாமல் மாநில நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்ந்தால் இந்தத் தொகை கிடையாது. ஆக, தயாரிப்பில் விழும் ஓட்டை ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய மூன்று லட்ச ரூபாய் நஷ்டம்.

வகுப்பறையில் நடப்பது

பாடத்திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.டெக். பாடத்திட்டத்தையும் கேட் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைப்புகள் ஏறக்குறைய ஒன்றே. கேள்வி கேட்கும் விதத்தில்தான் எல்லாம் கெடுகிறது.

செமஸ்டர் வினாத்தாளின் அமைப்பு இந்த மாநிலத்தில் எந்த இன்ஜினீயரிங் மாணவருக்கும் மனப்பாடம். பத்து 'டூ மார்க்ஸ்', அடுத்து ஐந்து 13 மார்க், கடைசியில் ஒரு 15 மார்க். பழைய வினாத்தாள்களைத் திரட்டி ஒரு 'கொஸ்டின் பேங்க்' தயாரித்துக் கல்லூரியே கொடுத்துவிடுகிறது. 'ஹேகன்–பாய்சூல் சமன்பாட்டைத் தருவிக்க' என்பது அதில் நிச்சயம் இருக்கும். மாணவர் இரண்டு பக்கத் தருவிப்பையும் வரி பிசகாமல் எழுதுவார். 13-க்கு 12 விழும். இப்போது அதே மாணவரிடம் கேளுங்கள்: "ஒரு குழாயில் எண்ணெய் சீராக ஓடுகிறது. குழாயின் விட்டத்தைப் பாதியாக்கிவிட்டு அதே அளவு எண்ணெயை அனுப்பினால் அழுத்த இழப்பு எத்தனை மடங்காகும்?" அவர் எழுதிய இரண்டு பக்கத்தின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. விட்டம் நான்காம் அடுக்கில் வருவதால் 16 மடங்கு. கேட் தேர்வு இப்படித்தான் கேட்கும். மணலியில் குழாய் போடும் கம்பெனிக்கும் இதுதான் தெரிய வேண்டும். தருவித்தவருக்கு இது தெரியவில்லை என்றால், அந்த 12 மதிப்பெண் எதற்குத் தரப்பட்டது?

மாஸ் டிரான்ஸ்ஃபரில் மெக்கேப்–தீல் முறையில் காய்ச்சி வடிக்கும் கோபுரத்துக்குத் தட்டுகளை எண்ணும் கணக்குக்கும் இதே கதி. வருடா வருடம் எண் மட்டும் மாறும். படிகளை வரையத் தெரியும்; பின்னோட்ட விகிதத்தைக் கூட்டினால் தட்டுகள் ஏன் குறைகின்றன, ஆனால் எரிபொருள் செலவு ஏன் ஏறுகிறது என்று கேட்டால் பதில் வராது. மெக்கேப்–ஸ்மித், ட்ரேபால், லெவன்ஸ்பீல், ஸ்மித்–வான் நெஸ் என்று பாடத்திட்டத்தில் அச்சிட்ட புத்தகங்கள் நூலக அலமாரியில் இருக்கும். மாணவர் கையில் இருப்பது 'லோக்கல் ஆதர்' புத்தகமும், சீனியர் விட்டுச்சென்ற ஜெராக்ஸ் நோட்டும்.

ஆய்வுக்கூடத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வெப்பப் பரிமாற்றி ஓடாது, பம்ப் பழுது, ரோட்டாமீட்டர் அடைத்துக்கிடக்கும் என்று மாணவர்கள் சொல்வதைக் கேட்க வருத்தமாக இருக்கிறது. போன வருட ரெக்கார்டில் இருந்த அளவீடுகள் இந்த வருட ரெக்கார்டுக்கு நகர்கின்றன. அளவீட்டில் பிழை எப்படி நுழைகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பயிற்சி ஆராய்ச்சிப் படிப்பின் முதல் தேவை. அதைக் கற்க வேண்டிய இடத்தில் எண்களை நகல் எடுக்கப் பழக்குகிறோம். ஆலையைக் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் உரிமம் விலை அதிகம் என்று சில கல்லூரிகள் சாக்குச் சொல்கின்றன. 'டி.டபிள்யூ.சிம்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, பம்பாய் ஐ.ஐ.டி.யின் 'ஃபாஸி' திட்டம் அதற்குப் பயிற்சியும் தருகிறது. ஒரு ரூபாய் செலவில்லாமல் தொடங்கலாம்.

இத்தனைக்கும் நடுவில் உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களை மதித்துத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது ஏ.ஐ.சி.டி.இ. விதி. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது என்ன? ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. அண்ணா பல்கலைக்கழகமும் விசாரித்து, முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டது. பதிவேட்டில் மட்டும் இருக்கும் ஆசிரியர் எந்த வகுப்பில் மெட்டீரியல் பேலன்ஸ் என்ற அந்த முதல் பாடத்தை நடத்தியிருப்பார்? கம்ப்யூட்டர் பிரிவுகளுக்கு இடங்களைக் கூட்டிக்கொண்டு போகும் கல்லூரிகளில் கெமிக்கல் போன்ற சிறிய துறைகள் ஏற்கெனவே மெலிந்துவிட்டன. ஒரு நல்ல ஆசிரியர் விலகினால் அந்தப் பாடத்தையே நடத்த ஆள் இல்லாமல் போகிறது.

ஒரே 7.0, இடத்துக்கு இடம் வேறு

சி.ஜி.பி.ஏ. 7.0 எடுத்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். இன்டர்னல் தயவில் வந்த 7.0 இல்லை, உண்மையாக உழைத்து எடுத்தது.

சில பல்கலைக்கழகங்கள் பத்தால் பெருக்கச் சொல்கின்றன, 70 சதவீதம். ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்ட அட்டவணைப்படி 0.75-ஐக் கழித்துவிட்டுத்தான் பத்தால் பெருக்க வேண்டும், 62.5 சதவீதம். அமெரிக்க விண்ணப்பத்தில் 4-க்கு எவ்வளவு என்று கேட்டால் நேர்க்கணக்கில் 2.8; கேட்கும் 3.0-க்குக் கீழே. அங்கே எல்லாப் பல்கலைக்கழகமும் இப்படி நேராக வகுத்துப் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது தெரியாமல் தானே வகுத்துப் பார்த்துவிட்டு, விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஜெர்மனிக் கணக்கு இன்னும் நுட்பமானது. அங்கே 1 என்றால் மிக நன்று, 4 என்றால் கடைசித் தேர்ச்சி. வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்ற 'திருத்தப்பட்ட பவேரிய சூத்திரம்' ஒன்றை வைத்திருக்கிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து மாணவரின் மதிப்பெண்ணைக் கழி, அதை, உச்சத்துக்கும் கடைசித் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகு, மூன்றால் பெருக்கு, ஒன்றைக் கூட்டு. கடைசித் தேர்ச்சி 5 புள்ளி என்றால் நம் மாணவிக்கு 2.8. அதுவே 4 என்று வைத்துக்கொண்டால் 2.5. அது 6 என்றால் 3.25. பல முதுநிலைப் படிப்புகள் கேட்பது 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் தேர்ச்சியின் கடைசிப் படி 6 புள்ளி. 2021 ஒழுங்குமுறையில் 5. இரண்டிலும் 50 மதிப்பெண் எடுத்தால் பாஸ்தான். படிப்பில் மாற்றமில்லை, உழைப்பில் மாற்றமில்லை. புள்ளி அட்டவணையில் ஒரு படி சேர்ந்ததால் ஜெர்மனியில் மதிப்பு 3.25-இலிருந்து 2.8 ஆகிறது. அட்டவணை மாறும்போது இதையெல்லாம் யாராவது யோசித்தார்களா?

ஜெர்மனிக்குப் போக விரும்பும் இந்திய மாணவர்கள் 2022 நவம்பர் 1 முதல், படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழை வாங்கியாக வேண்டும். அதற்கு எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் சுத்தமாக இருக்க வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு விண்ணப்பித்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்களும், பெயரில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த கிண்டிக்கும் ஊருக்கும் அலைபவர்களும் எத்தனையோ பேர். மறுமதிப்பீட்டு முடிவு தாமதமானால் ஒரு வருடமே போய்விடும்.

ஒப்பீட்டுத் தரமிடல் என்றொரு முறையும் வந்திருக்கிறது. கூடப் படிப்பவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து கிரேடு. அந்த முறை தவறு என்று சொல்லமாட்டேன். உலகத்தில் பல நல்ல பல்கலைக்கழகங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அவர்கள் அதோடு இன்னொன்றும் செய்கிறார்கள். ஐரோப்பியக் கிரெடிட் முறையின் 2015 வழிகாட்டி, எந்தக் கிரேடை எத்தனை சதவீதம் பேர் வாங்கினார்கள் என்ற அட்டவணையை மதிப்பெண் பட்டியலோடு தரச் சொல்கிறது. அது இருந்தால் கடினமான பாடத்தில் 'பி பிளஸ்' வாங்கியவரின் உழைப்பு வெளியூர்க்காரருக்கும் புரியும். நம் பட்டியலில் கிரேடு மட்டும் தனியாக நிற்கிறது.

உள்நாட்டில் இன்னொரு வேறுபாடு. மத்திய நிதியில் இயங்கும் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களில் 8.0 எடுத்தவர் சென்னை ஐ.ஐ.டி.யின் எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்புக்கு கேட் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். பெருந்துறையிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இணைப்புக் கல்லூரியில் 9.2 எடுத்தவர் கேட் எழுதித்தான் ஆக வேண்டும். இது பாரபட்சம் என்று மாணவர்கள் கொதிப்பது நியாயமாகப் படலாம். ஆனால் அந்த 9.2-ஐ வெளியே நம்பாததற்குக் காரணம் நம் மதிப்பெண் முறைதான். அதைச் சீராக்காமல் வாசலில் நிற்பவரோடு சண்டை போட்டு என்ன பயன்?

வேதியியல் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளின் நிலைமையும் பரிதாபமானது. சிவகாசியிலும் கடலூரிலும் ராணிப்பேட்டையிலும் ஆலை ஆய்வகங்களில் வேலை பார்க்கும் எத்தனையோ பேருக்குப் பொறியியலில் மேலே படிக்க ஆசை. எம்.டெக். கெமிக்கலுக்கு இளநிலைக் கெமிக்கல் பட்டத்தையோ நெருங்கிய பிரிவையோதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அப்படியானால் அவர் செய்யக்கூடியது, பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து இன்னும் 3 வருடம் படிப்பது. அமெரிக்காவில் இதற்கு இணைப்புப் பாடங்கள் வைத்திருக்கிறார்கள். மெட்டீரியல் பேலன்ஸ், வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வெப்பமும் பொருளும் பரிமாறும் விதம், வினைப் பொறியியல் என்று இன்றியமையாத சில பாடங்களை எழுதி 'பி' எடுத்தால் முதுநிலைக்குள் நுழையலாம். ஓரிரு வருடத்தில் முடியும் வேலை. கல்யாணமும் குடும்பமும் கடனும் முன்னால் நிற்கிற 21 வயதுக்காரர் எந்த வழியைத் தாங்குவார்?

இரண்டாம் வாசல்

இப்போது இதை ஏன் அவசரமாகப் பேச வேண்டும் என்றால், 2021-இல் தமிழக அரசு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. கட்டணத்தையும் அரசே ஏற்றது. மனதார வரவேற்க வேண்டிய முடிவு. அது திறந்தது முதல் வாசல்; மேற்படிப்பு இரண்டாவது. அந்த முதல் அணி 2025-இல் படிப்பை முடித்து வெளியே வந்தது. அடுத்தடுத்த அணிகள் வந்துகொண்டே இருக்கும். அவர்களில் பலரின் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவர்தான். கேட் என்றால் என்ன, அதை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளை கல்லூரி தராததைப் பணம் கட்டிக் கோச்சிங் சென்டரில் வாங்கிக்கொள்ளும். இவருக்குக் கல்லூரி வகுப்பறை ஒன்றுதான் வழி. அந்த வகுப்பறை கைவிட்டால் வேறு கதி இல்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தப் படிப்பு புதிதும் இல்லை. 1944-இல் அழகப்பச் செட்டியார் கொடுத்த கொடையால் எழுந்தது கிண்டியில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஏ.சி. டெக். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவரும் அவரே. 1953-இல் அது திறக்கப்பட்டது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, தூத்துக்குடியில் உரமும் காரமும், கடலூர் சிப்காட், ராணிப்பேட்டை தோல், திருப்பூர் சாயம் என்று இந்த மாநிலம் முழுக்க இந்தத் துறையின் மேல்தான் பிழைக்கிறது. அதன் பிழைகளையும் சுமக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறித் தெருவில் ஓடியவர்கள் மீனவக் குடும்பங்கள். அப்படிப்பட்ட குழாயை வடிவமைக்கவும், சோதிக்கவும், கண்காணிக்கவும், விசாரணைக் குழுவில் உட்கார்ந்து சரியான கேள்வி கேட்கவும் ஆழமாகப் படித்தவர்கள் வேண்டும். நன்றாகத் தயாரான ஒரு முதுநிலை மாணவர் கூடுவது அந்தத் தெருவுக்கும் நல்லது.

செய்ய வேண்டியவை

முதலில் பல்கலைக்கழகம். செமஸ்டர் வினாத்தாளில் குறைந்தது பாதி மதிப்பெண், முன்பு கேட்கப்படாத கணக்குகளுக்குப் போக வேண்டும். சமன்பாட்டைத் தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கட்டும். முதல் ஆண்டில் தேர்ச்சி விகிதம் சரியும், கூச்சல் எழும். தாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கல்லூரியின் இன்டர்னல் மதிப்பெண்ணும் பல்கலைக்கழகத் தேர்வு மதிப்பெண்ணும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பாடவாரியாக ஒவ்வோர் ஆண்டும் வெளியிட வேண்டும். அளவு மீறி விலகினால் இன்டர்னலைக் குறைத்துச் சரிசெய்யும் விதி வேண்டும். கணினியில் எல்லா எண்ணும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு நாள் வேலை.

டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் சில வரிகள் அச்சிடுங்கள் போதும்: உச்சப் புள்ளி, தேர்ச்சிக்கான கடைசிப் புள்ளி, சதவீதமாக மாற்றும் அதிகாரபூர்வச் சூத்திரம், அந்தப் பாடத்தில் ஒவ்வொரு கிரேடும் வாங்கியவர்களின் சதவீதம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம் என்று உயர்கல்வித் துறை உத்தரவு போடலாம். அதோடு, விண்ணப்பித்த இத்தனை நாளுக்குள் டிரான்ஸ்கிரிப்ட் தரப்படும் என்று ஒரு கெடுவை எழுத்தில் அறிவியுங்கள்.

அரசு 'நான் முதல்வன்' திட்டத்தில் யு.பி.எஸ்.சி., வங்கி, ரயில்வே தேர்வுகளுக்குப் பயிற்சி தருகிறது. கேட் தேர்வுக்கும் அதே முனைப்பைக் காட்ட வேண்டும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த ஒவ்வொருவரையும் மூன்றாம் ஆண்டிலேயே பெயர் சொல்லித் தேடிப் பிடித்து, விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டி எழுத வைக்க வேண்டும். கிண்டியிலும் திருச்சியிலும் காரைக்குடியிலும் உள்ள மூத்த ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கு நடத்தும் ஆறு வார வகுப்புக்கு எவ்வளவு செலவாகிவிடும்? ஆய்வகக் கருவிகள் ஓடுகின்றனவா என்று நேரில் போய்ப் பார்க்கும் குழுவில் மாணவர் ஒருவரையும் சேருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

பி.எஸ்சி. வேதியியல் பட்டதாரிகளுக்கான இணைப்புப் படிப்பை ஏ.சி. டெக்.கிலேயே சோதனையாகத் தொடங்கலாம். என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களில் இதற்குத் தேவையானவை பெரும்பாலும் இருக்கின்றன. அவற்றைத் தேறுபவருக்குக் கிரெடிட் கொடுத்து, கேட் தேர்வையும் எழுத வைத்து, முதுநிலைக்குள் விட மனம் இருந்தால் போதும்.

பெற்றோருக்கு: கல்லூரியில் சேர்க்கும் நாளில் எத்தனை லட்சம் சம்பளத்தில் பிளேஸ்மென்ட் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். போன வருடம் இந்தத் துறையில் எத்தனை பேர் கேட் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள், துறையில் எத்தனை ஆசிரியர்கள் உண்மையில் வேலைக்கு வருகிறார்கள் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் கேளுங்கள். தராத கல்லூரியின் பெயரை உயர்கல்வித் துறைக்கு எழுதுங்கள்.

மாணவர்களுக்கு: கேட் அறிவிப்பு ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும், தேர்வு பிப்ரவரியில். மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே எழுதலாம். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதிக் கட்டணம்தான். கல்லூரி சொல்லும் என்று காத்திருக்காமல் இந்த ஆண்டே விண்ணப்பியுங்கள்.